இரண்டே முக்கால் சுற்று

தீபாவளி முடிந்து நான்கு நாள். இரவு 11.30 மணி இருக்கும், வீட்டு முன்பக்கத்தில் டமார் என்று ஒரு சத்தம். அந்த வாரம் முழுக்க எங்கள் தாமான் குடியிருப்பில் வெடிச் சத்தம்தான் என்பதால் யாரும் எழுந்து பார்க்கவில்லை. மிச்சம் வைத்திருந்த வெடியை எந்தப் பையனோ கொளுத்துகிறான் என்று திட்டிக்கொண்டே திரும்பிப் படுத்தேன். மறுநாள் காலை ஈப்போவுக்கு வேலைக்குக் கிளம்ப, கார் நிற்கும் முன்கட்டின் ஷட்டரைத் தூக்கப் போனேன். வழக்கமாக ஒரு கையால் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு அசையவே இல்லை. இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண் உயர்ந்தது, பிடி தளர்ந்ததும் தொம்மென்று தரையில் விழுந்தது. மேலே பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் இரவுச் சத்தம் புரிந்தது. இடது பக்க ஸ்பிரிங் நடுவில் முறிந்து, இரண்டு விரல் அகலம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ஸ்பிரிங் முறிந்தால் ஆளைக் கூப்பிட்டு மாற்றவேண்டியதுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கடைசியில் அப்படித்தான் மாற்றினோம். 380 வெள்ளி (ரிங்கிட்), ஒன்றரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் நான் செய்துவைத்த வேலைதான் எட்டு மாதமாக மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. ஷட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் காரை பெயர்ந்து ஒரு குழி இருக்கிறது. பூசிவிடலாம், ஒரு கை சிமெண்டு போதும். இன்னும் பூசவில்லை.

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், மூலை வீடு. தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வெளியே வந்தபோது அப்பா தன் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கியது. அம்மா கல்யாணம் காதுகுத்து என்று சமைத்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, அண்டா, குண்டான், கேஸ் அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் மழையில் நனையக்கூடாது என்று முன்கட்டை மறைத்து ஷட்டர் போட்டோம். பத்தடி அகலம், எட்டடி உயரம், கையால் தள்ளித் திறக்கிற ரகம். அண்டாக்களுக்குப் பக்கத்தில் என் காரும் நிற்கும். ஆக, ஷட்டர் திறக்காவிட்டால் எனக்கு வேலையும் கிடையாது, அம்மாவுக்குச் சமையலும் கிடையாது.

அன்று காலை நான் செய்த முதல் தப்பு, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு இருவருமாகத் தம் பிடித்து ஷட்டரைத் தூக்கியது. நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் பந்தல் கம்பம் ஒன்றை முட்டுக் கொடுத்து, அதற்குக் கீழே காரை ஓட்டி வெளியே எடுத்தேன். எழுபது எண்பது கிலோ இரும்புத் திரை, ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங், வழவழப்பான மொசைக் தரையில் நிற்கிற ஒரு மரக்கம்பம். கார் கண்ணாடியை இறக்கி 'தேங்க்ஸ் அண்ணே' என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தக் கம்பத்தை எடுத்து ஷட்டரை மறுபடி இறக்கியது அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும். மெதுவாக, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கால் விரல்களை உள்ளே விடாமல். அதை எனக்கு அம்மா பிறகு சொன்னார்.

அன்று மாலை அப்பாவிடம், 'ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திடலாமாப்பா?' என்று கேட்டேன்.

'அதை நான் தொடமாட்டேன். ஆளைக் கூப்பிடு,' என்றார்.

அவ்வளவுதான். விளக்கம் எதுவும் இல்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்தப் பதில் என்னை ஏன் அப்படிக் குடைந்தது என்று சொல்லவேண்டும். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். எனக்குத் தெரிந்து அவர் தொடமாட்டேன் என்று சொன்ன இயந்திரம் எதுவுமில்லை. தண்ணீர் பம்பு, தையல் மெஷின், மாவரைக்கும் கிரைண்டர், கோயில் ஜெனரேட்டர், ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பல் செட் வரைக்கும் பார்த்திருக்கிறார். அவர் மறுத்ததும் என் மனதில் முதலில் வந்தது, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்பதுதான். டீயை ஆற்றும்போது கை கொஞ்சம் நடுங்குவதை அந்த வருடம்தான் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். அடுத்ததாக வந்தது, அப்படியானால் இனி இது என் வேலை என்பது. இப்போது யோசித்தால் அந்த இரண்டாவது எண்ணத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதைத்தான் ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது.

கம்பி இருந்தால் போதும்

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கூரைத் தகரம் ஓட்டை என்று தோட்டத்து ஆபிஸ் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) எழுதிக் கொடுத்தால், அது ஆபிஸ் மேசையில் இருக்கும். மழை காத்திருக்காது. அதனால் தாரும் சாக்குத் துணியும் வைத்து நாமே அடைத்துக்கொள்வோம். கதவுக் கீல் போனால் பழைய டயரின் ரப்பரை வெட்டி ஆணி அடித்தால் கீல். சைக்கிள் செயின் அறுந்தால் கட்டுக்கம்பி. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் பிடிக்கிற கோப்பையைத் தாங்குகிற அந்தக் கம்பி இருக்கிறதே, அது இல்லாமல் எங்கள் லயத்தில் ஒரு வீடும் நின்றிருக்காது. வீடு நம்முடையதில்லை, ஆனால் ரிப்பேர் நம்முடையது. தாமானுக்கு வந்து வீடும் நம்முடையதான பிறகு இந்தப் பழக்கம் இரட்டிப்பாகிவிட்டது. காசு கொடுத்து ஆளைக் கூப்பிடுவது ஏதோ தோற்றுப்போவது போல. என் மாமா ஒருவர் வீட்டு ஆட்டோகேட்டை, மோட்டாரில் திறக்கிற வாசல் கேட்டை, மூன்று தடவை தானே பிரித்து மாட்டினார். நான்காவது தடவை இடி இறங்கி போர்டே கருகிவிட்டது. அதையும் பிரித்துத்தான் பார்த்தார்.

அந்தப் பெருமையில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் கட்டுக்கம்பியால் சரி செய்த எந்தச் சாமானும் நம்மைத் திருப்பி அடிக்கிற சாமானாக இருந்ததில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. கூரை ஒழுகும், செயின் கழலும், கீல் தொங்கும். தப்பாகச் செய்தால் மறுபடி செய்யவேண்டும், அவ்வளவுதான் தண்டனை.

வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமை இரவும் வீடியோ பார்த்தேன். பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள். அங்கே கராஜ் கதவு என்றால் நம்முடைய ஷட்டர் மாதிரிச் சுருள்வதில்லை. நான்கைந்து அகலப் பலகைகளைக் கீல் வைத்துக் கோத்து, தண்டவாளத்தில் ஏறி, கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். வாசலுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புத் தண்டு, அதன்மேல் முறுக்கேறிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் முனையில் துளை போட்ட ஒரு கூம்பு. அந்தத் துளையில் அரை அங்குலத் தடிமனும் பதினெட்டு அங்குல நீளமும் உள்ள இரும்புக் கம்பிகள் இரண்டை மாற்றி மாற்றிச் செருகி, கால் கால் சுற்றாக முறுக்குகிறார்கள். ஏழடிக் கதவுக்குச் சுமார் 30 கால் சுற்று, அதாவது ஏழரை முழுச் சுற்று. சாதாரண ஸ்பிரிங்கை 10,000 தடவை ஏறி இறங்கும் என்று கணக்கு வைத்துச் செய்கிறார்களாம். நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு வீடியோவிலும் ஒரே எச்சரிக்கை: கதவை முழுக்க இறக்கு, தண்டவாளத்தில் கவ்விப் பூட்டிக்கொள்கிற பிளையரை மாட்டி அது எழும்பாமல் நிறுத்து, கம்பிக்குப் பதில் ஸ்குருடிரைவரைச் செருகாதே, கம்பி சுற்றும் வழியில் முகத்தை வைக்காதே. எல்லாவற்றையும் பொறுப்பாகக் குறித்துக்கொண்டேன். நோட்டில் எழுதி நம்பர் போட்டேன்.

வீடியோ பார்க்கும்போது ஒரு விஷயம் தோன்றியது, சொல்லிவிட்டுப் போகிறேன். மேலே தூக்குகிற கராஜ் கதவை ஜான்சன் என்கிற அமெரிக்கர் 1921-இல் கொண்டுவந்தார். ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வந்து, சாதாரண அமெரிக்கர் வீட்டிலும் கார் நிற்க ஆரம்பித்திருந்த காலம். அந்தக் கார்களின் டயருக்காகத்தான் இங்கே காடழித்து பால்மரம் நட்டார்கள், பால் வெட்ட நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அமெரிக்கக் கராஜ் கதவுக்குப் பின்னால் நின்ற ஏதோ ஒரு டயரில் என் கொள்ளுத்தாத்தா வெட்டிய பால் இருந்திருக்கலாம். நூறு வருடம் கழித்து அவருடைய கொள்ளுப்பேரன் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து அந்தக் கதவின் ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது என்று படித்துக்கொண்டிருந்தான். அது நம் வீட்டுக் கதவு இல்லை என்பது மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலை பத்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா கொல்லையில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் போட்டேன். வீடியோவில் சொன்னபடி ஷட்டரை முழுக்க இறக்கி, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டு, பூட்டும் மாட்டினேன். பாதுகாப்பு முக்கியமல்லவா. பெட்டியின் தகரத்தைக் கழற்றினேன்.

கூம்பும் இல்லை, துளையும் இல்லை. நடுவில் ஓர் இரும்புப் பைப். அதன் இரண்டு முனையும் சுவரில் அடித்த பிராக்கெட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு முனையும் ஒரு யூ-போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. பைப் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி உருளைகள் சுழலும். திரை அந்த உருளைகளில் சுருளும். இடது பக்கம் ஒரு ஸ்பிரிங், வலது பக்கம் ஒரு ஸ்பிரிங், ஒரு நுனி பைப்பில், மறு நுனி உருளையில். இடதுதான் முறிந்தது. ஸ்பிரிங் முறிந்துவிட்டது, ஆகவே இதில் இனி விசை இல்லை என்று என் புத்தி முடிவு கட்டியது. வலது பக்கம் இருந்த இன்னொன்று கண்ணில் பட்டது, கணக்கில் வரவில்லை. பைப்பைக் கழற்றி இறக்கினால் மீதி வேலையைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பைப் உருண்டுவிடாமல் இருக்க, அப்பாவின் பெரிய பைப் ஸ்பானரை எடுத்து அதில் கவ்வ வைத்தேன். இதுவும் பாதுகாப்புக்குத்தான்.

இடது பக்க யூ-போல்ட்டைத் தளர்த்தினேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த 'ஒன்றும் ஆகவில்லை'யைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கமுடியாமல் இருக்கிறேன். அது எனக்குத் தைரியம் கொடுத்தது. ஏணியை வலது பக்கம் நகர்த்தி, ஸ்பானரையும் அந்தப் பக்கம் மாற்றிக் கவ்வ வைத்து, வலது யூ-போல்ட்டில் கை வைத்தேன். முதல் நட்டு கழன்றது. இரண்டாவது துரு பிடித்து வரமாட்டேன் என்றது. உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து முழு எடையையும் போட்டு இழுத்தேன். கிர் என்று ஒரு முனகல். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்தேன். பைப் சுழன்றது. அதில் கவ்வியிருந்த ஸ்பானர் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் அடித்து, ஏணியின் தலையில் அடித்து, கிரில் இடுக்கு வழியாகப் பறந்து வெளியே லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்தது. ஏணி சாய்ந்தது. நான் அண்டாக்களின் மேல் விழுந்தேன். இடது மணிக்கட்டு மடங்கியது. நல்ல வேளை, எலும்பு முறியவில்லை என்று மதியம் கிளினிக்கில் சொன்னார்கள். நட்டு வராமல் நான் பின்னுக்குச் சாய்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. சாயாமல் நேராக நின்றிருந்தால் அந்தக் குழி என் தாடைக்கு நேராக இருந்திருக்கும். கை சரியான பிறகு ஒருநாள் அதே ஏணியைப் போட்டு ஏறி நின்று பார்த்தேன்.

அப்பா கொல்லையிலிருந்து வந்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்தார், மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கினேன். பிறகு வெளியே போய் லோங்காங்கில் இறங்கி ஸ்பானரைத் தேடி எடுத்து, குழாயடியில் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு, இருந்த இடத்தில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவிட்ச் இல்லாத சாமான்

அன்று இரவுதான் பேசினார். கரண்டில் ஓடுகிற எதையும் தான் தொடுவேன், ஏனென்றால் சுவிட்ச் தன் கையில் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வேன் என்றார். இஞ்சின் என்றால் எண்ணெயை நிறுத்தினால் நிற்கும். 'ஸ்பிரிங்குக்கு சுவிட்ச் எங்க இருக்கு, சொல்லு பாப்போம்.' நான் பேசவில்லை. ஆலையில் டீசல் இஞ்சினை நிறுத்திய பிறகும் ஆள் உயரச் சக்கரம் ஓடிக்கொண்டேயிருக்குமாம். இஞ்சின் சத்தம் நின்றுவிட்டது என்று பெல்ட்டில் கை வைக்க வருகிற புதுப் பையன்களைப் பார்த்து மண்டோர் (மேஸ்திரி) தூரத்திலிருந்தே கத்துவாராம். 'சத்தம் நின்னா மெஷின் நின்னுடுச்சுன்னு அர்த்தமில்ல. சக்கரம் நிக்கணும். உன் ஷட்டர் சத்தமே போடல. அதான் உனக்குத் தெரியல.'

அப்படியானால் புதன்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாமே அப்பா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை. இங்கேதான் எனக்குள் சிக்கிக்கொண்டது. ஆபத்து தெரிந்ததால் மறுத்தாரா, கை நடுங்குவதால் மறுத்துவிட்டு அதைச் சொல்ல மனமில்லாமல் இருந்தாரா? முதலாவது என்றால் நான் முட்டாள். இரண்டாவது என்றால் நான் முட்டாள் மட்டுமில்லை, அவர் மறைக்க நினைத்த ஒன்றை ஏணி போட்டு எல்லோருக்கும் காட்டப் பார்த்தவன்.

செவ்வாய்க்கிழமை ஷட்டர்காரர் வந்தார். சீனர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஊர்ப் பழைய சீனர்கள் பலரைப் போல அவரும் தமிழ் பேசுவார். கூட ஒரு பையன். பாதுகாப்பு என்று நான் வீடியோவில் பார்த்தது எதுவும் அவரிடம் இல்லை. காலில் ஜப்பான் சிலிப்பர், கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, உதட்டில் அணைந்த சிகரெட். மேலே பார்த்தார், சுவரில் குழியைப் பார்த்தார், என் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார்.

'ஷட்டர் கீழ இருக்கும்போது கழட்டுனியா லா?' என்றார்.

ஆமாம் என்றேன். அப்பாவைப் பார்த்து, 'அண்ணே, உங்க மகனுக்கு நல்ல நேரம்,' என்றார். அப்பா சிரிக்கவில்லை.

அவர் செய்ததில் முதல் வேலையே என் நோட்டில் இருந்ததற்கு நேர் எதிர். கழன்ற பைப்பைப் பையன் பிடித்துக்கொள்ள யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். பிறகு பையனும் நானும் அப்பாவும் சேர்ந்து தூக்க, திரையை முழுக்க மேலே சுருட்டவைத்து, அது இறங்கிவிடாதபடி மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டினார். நம் ஷட்டர் கீழே இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். மேலே சுருண்டிருக்கும்போதுதான் மிகத் தளர்ந்திருக்கும். அமெரிக்கப் பலகைக் கதவுக்குக் கீழே இறக்கி வேலை செய்வது சரி, அங்கே கதவின் எடையே அதைத் தரையில் வைத்திருக்கும், முறுக்கைக் கூம்பில் கம்பி போட்டு எண்ணி எண்ணி இறக்கலாம். நான் அந்த விதியை அப்படியே தூக்கி வந்து நம் ஷட்டரின் தலையில் வைத்தேன். விதி சரி, வீடு தப்பு. தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி, உள்ள விசை அத்தனையையும் ஏற்றிவைத்துக்கொண்டு, அதைப் பிடித்திருந்த ஒரே நட்டைக் கழற்றியிருக்கிறேன்.

சிலிப்பர்காரர் என்று அவரை நான் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்ததும் உண்மை. ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தபோது அது போய்விட்டது. ஸ்பானர் சுற்றக்கூடிய வட்டத்துக்குள் அவர் தலை ஒரு தடவைகூட வரவில்லை. பைப்புக்கு இரண்டு ஸ்பானர். ஒன்றைப் பையன் சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பான், மற்றதை இவர் கால் சுற்று திருப்புவார். இவர் பிடித்த பிறகுதான் அவன் விடுவான், அவன் பிடித்த பிறகுதான் இவர் விடுவார். நடுவில் பேச்சில்லை. நான் ஏதோ கேட்கப் போனேன், பையன் தலையை மட்டும் ஆட்டினான். முறியாத வலது ஸ்பிரிங்கையும் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டும் புதிதாக மாற்றினார். நல்லதை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டதற்கு, 'ரெண்டும் ஒரே நாள் பொறந்தது. அண்ணன் செத்துட்டான், தம்பி எத்தனை நாள் இருப்பான்?' என்றார். இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவிலும் கேட்கவில்லை. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. எதில் போனது என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஷட்டரில் நான் செய்கிற வேலைகள் உண்டு. செய்யாமல் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மாதம் ஒருமுறை இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் துணியால் துடைக்கிறேன். முன்னெல்லாம் பழைய இஞ்சின் எண்ணெயை ஊற்றுவோம், எல்லார் வீட்டிலும் அதுதான். ஊற்றிய எண்ணெயில் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி ஒட்டி, ஆறு மாதத்தில் களியாகிவிடும், ஷட்டர் கனப்பதற்கு அதுவே பாதிக் காரணம். இப்போது சிலிக்கான் ஸ்பிரே மட்டும், அதுவும் கொஞ்சம். கீழ்ப் பட்டையின் திருகுகளை இறுக்குகிறேன், பூனை மூத்திரமும் மழையும் சேர்ந்து அரித்த இடத்தைச் சுரண்டி துருப்பிடிக்காத பெயிண்ட் அடிக்கிறேன், பட்டைகள் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பிறகு ஒரு சோதனை. ஷட்டரைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்து, கை அதன்மேலேயே இருக்க, பிடியை மெல்லத் தளர்த்திப் பார்ப்பது. நின்றால் ஸ்பிரிங் சரியாக இருக்கிறது. கீழே இழுத்தால் தளர்ந்துவிட்டது, மேலே பறந்தால் முறுக்கு அதிகம். இரண்டில் எதுவானாலும் போனை எடுக்கிறேன். ஷட்டர் கனத்தது என்றால் தம் பிடித்துத் தூக்குவதில்லை, யாரையும் தூக்கவிடுவதும் இல்லை. யூ-போல்ட்டின் இரண்டு முனையிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்துவைத்தேன். அமெரிக்கக் கதவுகளில் கழற்றக்கூடாத பாகத்துக்குச் சிவப்பு அடிக்கும் பழக்கம் இருக்கிறது. வீடியோவிலிருந்து நான் உருப்படியாக எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மோட்டார் போட்ட ஷட்டரும் ஆட்டோகேட்டும் வேறு கதை. அதற்குச் சுவிட்ச் இருக்கிறது, அதனால் அப்பாவின் பட்டியலில் அதன் மோட்டார் தொடக்கூடிய சாமான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் திறக்கவேண்டும். ஆள் குறுக்கே வந்தால் கதவு திரும்பிப் போகிறதா என்று பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு அந்த ஏற்பாடு கட்டாயம். தரையில் ஒரு கட்டையைப் படுக்கவைத்துக் கதவை இறக்கினால், கட்டையில் பட்டதும் கதவு மேலே திரும்பவேண்டும். இதுதான் அங்கே சோதனை. என் மாமா வீட்டு ஆட்டோகேட்டில் குறுக்கே கை காட்டினால் நின்றுவிடுகிற கண் ஒன்று இருந்தது. அடிக்கடி நிற்கிறது என்று அவரே ஒயரைக் கழற்றிவிட்டார். பேரப்பிள்ளைகள் ஓடுகிற வீடு. அடுத்த வாரம் போகும்போது நானே மாட்டிவிடப் போகிறேன், திட்டினால் திட்டட்டும்.

ஷட்டர்காரர் கிளம்பும்போது ஒரு சின்ன விஷயம் நடந்தது. வேலை முடிந்து கயிற்றை அவிழ்த்து, ஷட்டரை ஒரு விரலால் இறக்கி ஏற்றிக் காட்டினார். பெட்டியின் தகரத்தை மூடும் முன் உள்பக்கச் சுவரில் பென்சிலால் சீனத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். தேதியும், பைப்பை எத்தனை சுற்று முறுக்கினேன் என்பதும் என்றார். அடுத்த தடவை யார் வந்தாலும் தெரியவேண்டுமல்லவா. எத்தனை என்று நான் கேட்பதற்குள் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேனில் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஒன்றரை மணி நேரமும் அப்பா ஷட்டருக்கு முதுகைக் காட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையைத் தூக்க மட்டும்தான் எழுந்து வந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. போன வாரம் சமையலறையில், சாமான் கடையில் கொடுத்த பழைய காலண்டரைக் கழற்றினேன். ஷட்டர்காரர் வந்த செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து, கோடுகள் லேசாக நடுங்கியிருந்தன: 'ஷட்டர். 2¾ சுற்று.'

ஸ்பானர் மாறுகிற சத்தத்தை எண்ணியிருக்கிறார். பதினொரு தடவை.